நுரையும் வெண்ணெயும்

என் பெயர் ஃபிர்மின் டெகோக். ஊர் அஞ்சல் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். காலையில் காப்பி அருந்துவதற்கு முன்பே பீர்க் கோப்பைகளை அலமாரியிலிருந்து இறக்கி, அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கும் என் தாயாரின் லினன் துணியால் ஒவ்வொன்றையும் பளபளவெனத் துடைத்து வைப்பது என் வழக்கம். இங்கே தகரக் குவளைதான் தருகிறார்கள். துடைத்தாலும் ஒன்றே, துடைக்காவிட்டாலும் ஒன்றே. குறையாகச் சொல்லவில்லை, நீதிபதி ஐயா. கேட்டீர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

மெலிந்த பீரில் நுரையை நிறுத்துவது எவனாலும் இயலும். வீரியமான பீரில்தான் சோதனை. அதிலுள்ள சாராயமே நுரையைத் தின்றுவிடும். ஆகையால் நான் வாற்கோதுமையோடு கோதுமையும் சேர்த்தேன். நுரையைத் தாங்கும் சத்து சிதைந்துவிடாதிருக்க, ஊறலை வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடத்தாமல் விரைவில் சூடேற்றினேன். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் பூவைக் கூட்டினேன். குளிர்ச்சியில் மெல்லப் புளிக்கவிட்டேன். எல்லாம் முறைப்படியே செய்தேன்; எனினும் நுரை விழுந்தது.

எங்கள் ஊரில் புனித மார்ட்டின் திருநாளன்று வீட்டுப் பீர்ப் போட்டி நடைபெறும். அவரவர் பீரை அவரவர் வீட்டுக் கோப்பையில் அவரவர் கையாலேயே ஊற்றவேண்டும். பங்குத்தந்தை ஆசி மன்றாட்டைச் சொல்லி முடிக்கும்வரை நுரை நிற்கவேண்டும். ஆண்டுதோறும் என் நுரை மன்றாட்டின் நடுவிலேயே படுத்துவிடும்.

இதற்காக ஒருவன் இவ்வளவு வருந்துவானா என்று நீங்கள் எண்ணலாம். வென்றவரைக் கோர்ட்ரைக் நகரத்து மதுவடிப்பாலை ஒன்று தன் சிறு கூடத்துக்குப் பொறுப்பாளராக அழைத்துக்கொள்ளும். கூடத்தின் மாடியில் ஓர் அறையும் தருவார்கள். நான் போய்ப் பார்த்துவந்தேன். அதன் சன்னல் ஆற்றை நோக்கியிருந்தது.

என் அண்ணன் ஓடிலுக்கு இளமையிலேயே ஹாப் மூட்டை விழுந்து ஒரு கால் நசுங்கிவிட்டது. அவனைத் தனியே விடமாட்டேன் என்று தாயாரின் படுக்கையருகே நின்று வாக்களித்தேன். அவள் கண்ணை மூடினாள். வீட்டின் கதவும் அன்றே மூடிக்கொண்டது. எனக்குத் திருமணப் பேச்சு வந்து, வந்த வழியே போயிற்று. சும்மா வெளியேறினால் ஊர் காறித் துப்பும். போட்டியில் வென்று வெளியேறினால் அதே ஊர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப வரும். வேறு வாசல் எனக்கு இல்லை.

ஓடில் கெட்டவன் அல்லன். உண்பதைத் தவிர அவனுக்கு வேறு இன்பமில்லை. மாட்டுக்கொழுப்பில் வறுத்த கிழங்கு நாள்தோறும் வேண்டும். கொழுப்புச் சட்டி எங்கள் அடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை. ஆனால் அவன் வாய் சும்மா இராது.

"என்னடா தபால்காரா, சாமியார் ஆமென் சொல்றதுக்குள்ள உன் நுரை செத்துப்போச்சாமே? அடக்கத்துக்கு நானும் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வரணுமா?"

"தட்டைப் பாத்துச் சாப்பிடுங்கண்ணே."

"நான் தட்டைத்தான் பாக்கறேன். நீதான் சன்னலையே பாத்துக்கிட்டு இருக்கே. கோர்ட்ரைக் என்ன, நம்ம கோழிக்கூண்டுக்குப் பின்னாலயா இருக்கு?"

கடந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் மாலை, அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஸுல்மா முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து வைத்திருந்த கோப்பையை ஓடில் விளிம்பில் கட்டைவிரல் பட எடுத்தான். விரல் மினுமினுத்தது.

"இந்த விரலோடவா கோப்பையைத் தொடறீங்க?"

"ஆமாண்டா. தினமும் நாந்தான் வெண்ணெய் தடவி வைக்கறேன். இல்லேன்னா நீ ஜெயிச்சுட்டு ஓடிப்போயிடுவியே. அப்புறம் எனக்கு யாரு கிழங்கு உரிப்பா? இந்த ஸுல்மாவா?"

"நான் எதுக்கு உரிக்கறேன்? தோலோட தின்னுய்யா" என்றாள் ஸுல்மா.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வேடிக்கைப் பேச்சு என்று ஸுல்மா உங்களிடம் சாட்சி சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவள் நல்ல பெண். ஆனால் பீர் வடித்தறியாதவள். கொழுப்புப் பட்டால் நுரை நில்லாது என்பது எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளாக நான் தேடிய காரணம் என் மேசையிலேயே அமர்ந்திருந்தது.

அந்த வாரம் நிலவறையில் தொட்டிகள் நிறையப் பீர் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கும்போது எழும் வாயு கனமானது. தரையோடு தரையாகத் தேங்கி மூச்சை அடைக்கும். ஆகையால் வடிப்பவன் முன்னே மெழுகுவர்த்தியைத் தாழப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவான். நான் காற்றுத் துவாரத்தைச் சாக்கினால் அடைத்திருந்தேன். குளிர்காற்றுப் பட்டால் நொதி சோர்ந்துவிடும் அல்லவா?

கிழங்கு மூட்டையைக் கீழே வைத்திருப்பதாக அண்ணனிடம் சொன்னேன். என்னை எதிர்பாராமல் தானே ஒரு வேலை செய்வதில் ஓடிலுக்கு எப்போதும் விருப்பம் உண்டு. கைத்தடியை ஊன்றி, மெழுகுவர்த்தியோடு இறங்கினான். நான் கதவைச் சாத்தித் தாழிட்டேன். கதவு திறந்திருந்தால் சமையலறை வெப்பம் உள்ளே போகும்.

சற்று நேரத்தில் தடியால் தட்டினான்.

"ஃபிர்மின், வெளிச்சம் அணைஞ்சுபோச்சு. கதவைத் திறடா. விளையாடாதே."

நான் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன்.

"தம்பி" என்றான் பிறகு. தாயார் இறந்த பின் அவன் என்னை அவ்வாறு அழைத்ததில்லை.

மேல் தட்டுக் கோப்பைகளை முடித்துக் கீழ்த்தட்டுக்கு வந்தபோது ஓசை நின்றிருந்தது. எஞ்சியவற்றையும் துடைத்து முடித்தேன். அதன்பின் தாழை நீக்கி, சாக்கை உருவி, காற்று மாறும்வரை பொறுத்திருந்து, மருத்துவரை அழைத்துவந்தேன். வடிப்போர் வீட்டில் நேரக்கூடிய விபத்து என்று ஊரார் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்கள்.

பீர் புட்டியில் முதிரும்வரை நான் அதைத் தொடவில்லை. வீட்டில் வெண்ணெயும் வாங்கவில்லை. கொழுப்புச் சட்டியில் எனக்குமட்டும் கொஞ்சம் கிழங்கு வறுத்துக்கொள்வேன். திருநாளுக்கு முந்தின நாள் உங்கள் காவல் ஆய்வாளர் அம்மையார் வந்தார். நிலவறைக் கதவின் உட்புறத்தில் தடிபட்ட வடுக்கள் ஏன் என்று கேட்டார். பழைய வடுக்கள் என்றேன். விருந்தினர் வந்தால் ஊற்றிக் கொடுப்பது மரபு. ஒரு கோப்பையை எடுத்து, மீண்டும் ஒருமுறை துடைத்து, ஊற்றினேன்.

நுரை பொங்கி எழுந்தது. பின்பு விழுந்தது. எப்போதும் விழுவதுபோலவே விழுந்தது.

அந்த அம்மையார் எழுந்து, வேறொரு கோப்பையைச் சோடா உப்பால் தேய்த்து, குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, ஈரத்தோடு வைத்து, அதே புட்டியிலிருந்து ஊற்றினார்.

"எங்கப்பாவும் வீட்ல பீர் வடிப்பாரு, ஃபிர்மின் ஐயா. கோப்பையைக் கழுவிக் கவுத்து வெப்பாரே தவிர, துணியைக் கிட்ட வரவிட மாட்டாரு. உங்க துணியைக் கொஞ்சம் மோந்து பாருங்க. கொழுப்புச் சட்டிக்கு நேர் மேலயா தொங்கவிடுவாங்க?"

நான் துணியை முகரவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை வெண்மையாக, திண்மையாக, பங்குத்தந்தை மன்றாட்டை இருமுறை சொல்லி முடிக்கலாம் என்னும் அளவுக்கு நின்றது. அழகாக நின்றது, ஐயா. அது என் நுரை. அதைப் பார்த்து முடித்தபின் தாழ்ப்பாளைப் பற்றி நானாகவே அவரிடம் சொன்னேன்.

இப்போது கோர்ட்ரைக்கிலேயே எனக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. சன்னல் உயரத்தில் இருக்கிறது, ஆறு தெரிவதில்லை.

நான் நன்கு யோசித்து முடிவு செய்துவிட்டேன். கதவைத் தாழிட்டவன் நான். அவன் தட்டியது என் காதில் விழுந்தது. நான் திறக்கவில்லை. இவற்றை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் மட்டும் வெண்ணெய் என்று இருக்கட்டும். துணி என்று எழுதினால் நான் கையொப்பமிட மாட்டேன்.