ஐந்தாவது உள்ளேன்

கல்லூரியில் படித்த மூன்று வருஷத்தில் நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். இப்போது வடமதுரையில் தமிழாசிரியராக இருக்கிறேன், இங்கேயும் அப்படித்தான். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' சொல்லும்போது தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பேன். என் வகுப்பில் ஒருத்தனுக்காக இன்னொருத்தன் குரல் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த வித்தையில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அஃப்சானா, நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தையில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அதனால் நானே முழுசாக எழுதிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கொடு. நான் ஓடி ஒளிகிற ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பி.ஏ. தமிழ் வகுப்பு இருபத்திரண்டு வருஷம் கழித்துத் திண்டுக்கல்லில் கூடியது. படிக்கிற காலத்திலேயே இறந்துபோன உன் அண்ணன் தப்ரேஸ் பெயரில் வருஷா வருஷம் ஒரு பரிசு கொடுப்பதாக முடிவு. அதனால் உன்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற துறைத்தலைவர் சூசைமுத்து ஐயா எங்கள் பழைய வருகைப் பதிவேட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு தமாஷுக்குப் பெயர் வாசிக்கிறேன் என்றார். தலை நரைத்தவனெல்லாம் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொன்னான், ஒரே சிரிப்பு. பெயர் வாசிப்பது என்றாலும் எங்கள் கல்லூரியில் எண்ணைத்தான் சொல்வார்கள், என் எண் பதினொன்று. நானும் சொன்னேன். இருபத்தேழு என்று வாசித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அது தப்ரேஸின் எண். அப்போது கடைசி வரிசையிலிருந்து தப்ரேஸின் குரல், லேசாக மூக்கில் ஏறி, முடிவில் ஒரு இழுப்போடு, 'உள்ளேன் ஐயா' என்றது.

நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த எண்ணைக் கேட்டால் என் வாய் அதுவாகத் திறந்துகொள்ளும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நண்பனை இன்னமும் நெஞ்சில் சுமக்கிறான் இஷாக் என்று எங்களோடு படித்த ஃபயாஸ் மைக்கைப் பிடித்துப் பேசினான். நீ மட்டும் அழவில்லை. சாப்பிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாய்.

"இஷாக் அண்ணே, எங்கண்ணன் கொரலு ஒங்களுக்கு அப்பவே வருமா?"

வரும் என்றேன். நீ போய் ஐயாவிடம் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாய். 2003 ஜனவரி 28. இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே ஐந்து பாடவேளைக்கும் ஐந்து டிக். அந்த ஐந்து டிக்கை வைத்துத்தான், சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகு தப்ரேஸ் கிணற்றில் விழுந்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினார்கள். டாக்டர் சொன்ன நேரம் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் பதிவேடு இருக்கும்போது வேறு பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு நீ அந்தச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிச் சொன்னாய். கிணற்று மேட்டில் கிடந்த அவன் பையில் டப்பா திறக்காமலே இருந்தது. அன்று காலையில் உன் அம்மா நர்கீஸ் ரசம் சோறு மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. "வெஞ்சனம் இல்லாம எவன் திம்பான்" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பியிருக்கிறான். அம்மாவுக்கு அதுவே கடைசிப் பேச்சு. பிள்ளை கோபத்தில் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தான், பசி மயக்கத்தில் கிணற்றில் விழுந்தான், தான் ஒரு அப்பளம் பொரித்து வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து மதியச் சோற்றுக்கு வெஞ்சனம் தொடுவதில்லை, வெறும் ரசம்தான் என்றாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்களா?"

ஆமாம். நான்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேடையில் ஆளாளுக்கு நண்பன் நண்பன் என்றார்கள். தப்ரேஸ் எனக்கு நண்பன் இல்லை. ஒரே வகுப்பு, ஒரே பஸ், அவ்வளவுதான். உன் அத்தா அப்துல் ஜப்பார் காலையில் தோல் குடோனுக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவன் கல்லூரிக்கு வரும்போது பாதி நாள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். ஒருநாள் விளையாட்டாக அவன் குரலில் 'உள்ளேன் ஐயா' சொன்னேன், ஆசிரியர் தலை நிமிராமல் டிக் போட்டார். அன்று பிடித்தது. மூன்று வருஷம் அவன் வருகை முழுவதும் என் தொண்டையிலிருந்து வந்தது. கைம்மாறாக ஒரு டீகூட நான் கேட்டதில்லை.

எங்கள் துறையிலிருந்து வருஷத்துக்கு ஒருவரைத்தான் மதுரைக்கு எம்.ஏ. படிக்கச் சிபாரிசு செய்வார்கள். சூசைமுத்து ஐயா கடிதம் கொடுத்தால் விடுதியும் படிப்பும் நிச்சயம். கடிதம் இல்லையென்றால் எனக்கு என் அத்தாவின் பரோட்டாக் கடையில் கல்லுக்கு முன்னால் நிற்பதுதான் விதி. அத்தா எனக்காகக் கரண்டிகூட வாங்கி வைத்துவிட்டார். அந்தக் கடிதத்தைத் தவிர வேறு எதையும் நான் அந்த வயதில் ஆசைப்பட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கல்லூரிக்குப் பின்னால் இருந்த புளியந்தோப்புக் கிணற்றுக்கு அவன் என்னைக் கூட்டிப்போனான். பாழுங்கிணறு, தண்ணீர் இல்லை, அடியில் கல்லும் சேறும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் உட்கார்ந்து கவிதை எழுதுவது அவன் பழக்கம். பையை மேட்டில் வைத்துவிட்டு மூன்றாவது கல்லில் உட்கார்ந்தான். நான் மேலேயே நின்றேன். கடிதம் தனக்குத்தான் என்று ஐயா முந்தின நாள் சொல்லிவிட்டதாகச் சொன்னான். மார்க்கிலும் வருகையிலும் நாங்கள் இரண்டு பேரும் சமம், ஆனால் அவன் வருகையைத்தான் ஐயா பெரிதாக எடுத்துக்கொண்டாராம். தோல் குடோனில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பாடவேளைகூட விடாமல் வந்திருக்கிறானே என்று அவருக்கு ஆச்சரியமாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒன் கொரலுக்குத்தான் மாப்ள சீட்டு கெடச்சிருக்கு. ஒனக்கென்ன, கடை இருக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் கையை நீட்டவில்லை, இதை அழுத்தமாக எழுதுகிறேன். அவனாகவே என் காலைத் தட்டுவதற்கு எழுந்தான். கல் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஐந்தாள் ஆழம். எட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தான், நினைவு இருந்தது.

"ஏலே இஷாக்கு, காலு அசையல. ஓடிப்போயி ஆளக் கூட்டியா."

"இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், மூச்சிரைக்க ஓடினேன். துறை வாசலுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் தாமதமாகப் போகாதவன். பெயர் வாசித்து முடித்ததும் ஐயாவிடம் சொல்லிவிடலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு எழுந்தேன். இருபத்தேழு என்றார். என் வாய் திறந்தது.

சொன்ன பிறகுதான் விஷயம் எனக்கு உறைத்தது. வகுப்பில் இருப்பதாக நானே சொல்லிவிட்டேன், இப்போது கிணற்றில் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? மூன்று வருஷக் கள்ள வருகையும் வெளியே வரும். இரண்டு பேரையும் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அவன் படிப்புக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன். இரண்டாவது பாடவேளையில் வேறு ஆசிரியர் வந்தார். முதல் வேளையில் இருந்தவன் இரண்டாவதில் எங்கே போனான் என்று கேள்வி வரும். அதனால் அப்போதும் சொன்னேன். மூன்றாவதிலும் சொன்னேன். ஒன்று சொன்னால் அடுத்ததும் சொல்லித்தான் ஆகவேண்டும், அது என் குற்றமில்லை, பதிவேட்டின் அமைப்பு அப்படி.

மற்ற பையன்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. பாதி வகுப்பு அப்படி ஓட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்தால் அவனவன் ஹால் டிக்கெட்டுக்கு வினை. ஃபயாஸ் மட்டும் அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டான், அன்றைக்கு அவன் வந்திருந்தானா என்று. மதியத்துக்கு மேல் வந்து கடைசி பெஞ்சில் இருந்தான் என்றேன். அவனும் நம்பிக்கொண்டான். மனிதர்களுக்கு நம்புவதுதான் சௌகரியம். உன் அத்தா அன்றிரவு எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோதும், சாயங்காலம் வரை வகுப்பில் பார்த்தேன் என்றேன். மறுநாள் காலையில் ஆடு மேய்க்க வந்த மொக்கைச்சாமிதான் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். கபர்ஸ்தான் வரை மாற்றிவிடாமல் சுமந்தேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் காலையிலேயே விழுந்துவிட்டான், அதனால்தான் டப்பாவைத் திறக்கவில்லை, கோபத்தால் இல்லை என்று எழுதினால் உன் கேள்விக்குப் பதிலாகிவிடும். ஆனால் அம்மா அதை ஏற்கமாட்டார். விழுந்தபோதும் என் பிள்ளைக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும் என்பார். அதற்கு எதிராகச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அந்த ஆள் மிச்சத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான் கிணற்றுக்குப் போனேன். வாரேன் என்று சொல்லியிருந்தேன், வந்தேன். குரல் சன்னமாகியிருந்தது, ஆனால் தெளிவாகப் பேசினான். ஆள் வருகிறார்களா என்று கேட்டான். செத்த நேரம் பொறு, வாராங்க என்றேன். பிறகு கேட்டான்.

"பசிக்குதுடா. அம்மா கட்டிக் குடுத்த டப்பாவ எறக்கி விடு. காலைல வேற அம்மாகிட்ட சள்ளுனு விழுந்துட்டு வந்துட்டேன். பாவம்."

இதுதான் உன் அம்மாவுக்கு வேண்டியது. ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவனுக்குக் கோபம் இல்லை. அந்த ரசம் சோற்றைத்தான் கேட்டான். இனிமேல் அவர் வெஞ்சனம் தொட்டுச் சாப்பிடலாம்.

டப்பாவை நான் இறக்கவில்லை. கயிறு இல்லை. தூக்கிப் போட்டிருக்கலாம், சரிதான். ஆனால் டப்பா கீழே கிடந்தால், யார் போட்டது என்று வரும். உண்மையில் பிறகு நான் செய்திருக்க வேண்டியது வேறு. சோற்றைக் கொட்டிவிட்டு, காலி டப்பாவைப் பையில் வைத்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் சாயங்காலம் விழுந்தான் என்று ஆகியிருக்கும், உன் அம்மாவும் இந்தக் கஷ்டம் பட்டிருக்கமாட்டார். அது எனக்கும் அப்போதே தோன்றியது. மூடியில் கைகூட வைத்தேன். பரோட்டாக் கடைக்காரன் மகன், சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் பிற்பகல் வகுப்புக்கு வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான்.

கடிதம் எனக்கு வந்தது. எம்.ஏ. முடித்தேன், பி.எட். முடித்தேன். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளைகளை வருஷத்துக்கு அறுபது பேர் என்று தேற்றி அனுப்புகிறேன். தமிழில் ஒருத்தரும் தோற்றதில்லை. உன் அண்ணன் போயிருந்தால் மதுரையில் உட்கார்ந்து கவிதை எழுதியிருப்பான். அங்கேயும் முதல் பாடவேளைக்கு யாரையாவது குரல் கொடுக்கச் சொல்லியிருப்பான். இடம் வீணாகவில்லை. இதை எங்கே கேட்டாலும் இப்படியேதான் சொல்வேன்.

பொய் சொன்னேன் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நான் தமிழ் படித்தவன். உள்ளேன் என்ற சொல்லை நன்றாகப் பார். வகுப்பில் இருக்கிறேன் என்று அதில் எங்கேயும் கிடையாது. இருக்கிறேன், அவ்வளவுதான் பொருள். அன்றைக்கு ஐந்து தடவை சொன்னேன். முதல் மூன்று தடவையும் அவன் இருந்தான். நாலாவது தடவை நான் நேரில் பார்த்துவிட்டு வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை, கண்டிப்பாக இருந்தான். ஐந்தாவது மூன்றேகால் மணிக்குச் சொன்னது. அந்த நேரத்தில் இருந்தானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அது பொய்யாக இருந்திருக்கலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் உன்னிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.