மீன்தொட்டி டியூப்

டர்போ காருக்கு டியூப் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் ஐயா. சிவப்பா, நீலமா என்று. பார்க்க வேண்டியது டியூபின் கனத்தை. சாதாரணக் காரில் எஞ்சின் காற்றை உறிஞ்ச மட்டும்தான் செய்யும். டர்போ காரில் உறிஞ்சவும் செய்யும், ஊதவும் செய்யும். டியூப் மெலிசாக இருந்தால் உறிஞ்சும்போது சப்பிப்போகும். பிடி சரியில்லையென்றால் ஊதும்போது கழன்றுவிடும். கனமான சிலிக்கான் டியூப், பித்தளை இணைப்பு, அதைக் கழலாமல் இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் கிளாம்ப். திருகு கிளாம்ப் வேண்டாம், சின்ன டியூபை ஒரு பக்கமாகக் கடித்துவிடும். பதினெட்டு வருஷமாக என் உதிரிபாகக் கடையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி பழைய டர்போ கார் ஒன்று வாங்கினான். டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள அதில் ஒரு சாண் நீளத்துக்கு டியூப் ஒன்று உண்டு. அது கழன்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எஞ்சினைத் தின்றுவிடும். அந்த டியூபில் விரிசல். குடும்பத்தில் நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற டியூபில் ஒரு துண்டை வெட்டி மாட்டிவிட்டான்.

"இது சூட்டுல இளகி, அப்புறம் வெறைச்சு, ஒருநாள் கழண்டுடும் மாப்ளே," என்றேன்.

"மீனே சாகல மாமா, காரா செத்துடப்போகுது?" என்றான். வீடே சிரித்தது. என் மனைவி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு நாள் பொறுத்தேன். அப்புறம் எட்டு வாரம். பதினொரு மாசம் ஓடியது ஐயா அந்த டியூப். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் பானட்டைத் திறந்து பார்ப்பேன். "மாமாவுக்கு என் மேல அவ்வளவு பாசம்," என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். டியூப் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "உங்க மச்சான் ஏதோ மீன்தொட்டி டியூப் போட்டிருக்காராமே, சூப்பரா ஓடுதாம். அது இருக்கா?" என்று கேட்டார். அவர் போனதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அவன் வேலை விஷயமாக மலைமேல் போக வேண்டியிருந்தது. வழியனுப்ப நானும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது பானட்டைத் திறந்து டியூபை லேசாக இழுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. திரும்ப மாட்டியிருக்கலாம்தான். ஆனால் சரியில்லாத ஒரு பொருளை என் கையால் மாட்டுவது நான் செய்கிற தொழிலுக்கு அழகில்லை. பானட்டை மூடினேன். "பார்த்துப் போ மாப்ளே," என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் வெடித்து, எண்ணெய் டயரில் பட்டு, வண்டி பாறையில் மோதியது. ஆஸ்பத்திரியில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க, நாங்கதான் கேக்கல," என்று கதறினாள். பதினொரு மாசத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாம் நாள், பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னபோது எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அன்று மதியம் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு விட வைக்கும் மெஷினிலிருந்து ஒரு டியூப் அவன் தொண்டைக்குப் போனது. இணைப்பைப் பார்த்தேன். கிளாம்ப் இல்லை ஐயா. ஒரு கிளாம்ப்கூட இல்லை. சும்மா சொருகி வைத்திருந்தார்கள்.

"இது கழண்டுடும்மா," என்றேன் நர்ஸிடம். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். நாங்க எப்பவும் இப்படித்தான் மாட்டுறோம்," என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. இழுத்துப் பார்த்தேன். மெஷின் கத்தியது. கத்தலை நிறுத்தும் பித்தானைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். நர்ஸ் திரும்பி வந்தபோது, நான் சொன்னது சரிதான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

நீங்கள் இதில் 'கொன்றேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'கழன்றுவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தேன்' என்று எழுதுங்கள். இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.