அதே செட்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்றதை ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கொஞ்சம் சர்க்கரை உண்டு. மற்றபடி ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது.

பெயர் சிவசண்முகம். ஸ்ரீவைகுண்டத்தில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை. கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பார்மசி சான்றிதழ் என் மைத்துனருடையது. அவர் துபாயில் இருக்கிறார். நான் பி.காம்., அதிலும் ஒரு பாடம் தேறவில்லை. ஆனாலும் ஊரில் எனக்கு ‘டாக்டர் அண்ணாச்சி’ என்று பேர். முதல் தடவை யாரோ கேலிக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், பேர் ஒட்டிக்கொண்டது.

வாழைத்தோட்டத்து ஆட்கள் சாயங்காலம் வந்து, “மேலுவலிக்கு ஒரு செட்டு தாங்க” என்பார்கள். நாலு மாத்திரையை, பேர் தெரியாதபடி அட்டையிலிருந்து கத்தரித்து, ஒரு தாளில் மடித்துக் கொடுப்பேன். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, நன்றாகத் தூங்க ஒன்று. தாளுக்கு எங்கே போவது? மருந்துப் பெட்டிக்குள் கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்து வைத்திருப்பான். வீணாய்ப் போவானேன் என்று அதிலேயே மடிப்பேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை. கேட்டு, அவன் ஒரு பேர் சொல்லி, அது எனக்குத் தெரியாமல் போனால் டாக்டர் அண்ணாச்சி முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காசிலிங்கம் வாழைத்தார் சுமக்கிறவன். கேட்காமலே சொன்னான்.

“அண்ணாச்சி, வலிப்புக்குப் பெரியாஸ்பத்திரியில தந்த மாத்திரையும் சாப்புடுதேன். ரெண்டும் சேரும்லா?”

சீட்டையும் நீட்டினான். கடையில் கூட்டம். சீட்டில் இருந்தது எனக்குப் புரியவில்லை. புரிந்தவன் மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டினேன்.

“அதெல்லாம் சேரும்லே. போயிப் படு.”

படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மூச்சு பைய பைய அடங்கிவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், கடையைப் பாதி சாத்திவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தாளை முதன்முதலாக வாசித்தேன். தூக்க மாத்திரையோடு எதைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் மூச்சு என்ன ஆகும், எல்லாம் போட்டிருந்தது. இத்தனை வருடமும் எச்சரிக்கையை இலவசமாகத்தான் விநியோகித்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அத்தோடு அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால், ஏன் நிறுத்தினான் என்று கேட்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதனால் செட்டை மாற்றவில்லை. மாற்றாமல் இருந்தால்தானே என் மேல் தப்பில்லை என்று ஆகும்.

மூன்றாம் மாதம் அவன் பெண்டாட்டி செல்லக்கிளி வந்தாள்.

“அண்ணாச்சி, நாரி ஒடியுது, குனிய முடியல. அவியளுக்குக் குடுத்த அதே செட்டு தாங்க. ஊர்ல என்னமும் பேசுதாவ, நான் நம்பல.”

அவன் போனதிலிருந்து தூக்கமில்லாமல் அவளும் பெரியாஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும். சொன்னதே அவள்தான். கடைமுன் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லார் கண்ணும் என் கத்தரிக்கோல் மேல் இருந்தது. மூன்று வெட்டினேன். நாலாவதில் கை நின்றது.

“மூணுதானா அண்ணாச்சி?” என்று அவளே கேட்டாள்.

நாலாவதையும் வெட்டினேன்.

அவளும் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டில் நீங்கள் எடுத்த தாள் என் கடைத் தாள்தான். தெரிந்தேதான் கொடுத்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேர் பேச்சையும் மீறி என்னை நம்பி வந்தவள். அந்த நம்பிக்கையை நாலு பேர் முன்னால் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் செட்டை நான் என்றைக்காவது சாப்பிட்டிருக்கிறேனா என்று கேட்கிறீர்கள். எனக்கும் மூட்டுவலி உண்டு ஐயா. அதற்குப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போகிறேன். கண்ட மாத்திரையையும் வாங்கிப் போடுகிற ஆள் நான் இல்லை.