லயத்துச் சுவருக்கு அப்பால் ஒரு குரல்

ஆலமரம்போல் அகன்று அமர்ந்து இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் நமது வாயனசாலை நூலகத்தின் தலைவர், அண்ணன் ரத்தினசாமி அவர்களே! எனக்கென்று வாங்கிய பொன்னாடையை இன்னும் மடியிலேயே வைத்திருக்கும் செயலாளர் கலீல் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முதியோர்களே! பால் கறந்து ஊற்றிவிட்டு, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும் என்று பொள்ளாச்சி பஸ்ஸை நினைத்துக் கடிகாரம் பார்க்கும் பெருமக்களே! கொழிஞ்சாம்பாறை மண்ணுக்கு இந்தச் சென்னிமலையின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

துன்பத்தில் துணை புத்தகம் என்று எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அழகாகச் சொன்னார். ஐயா படித்துச் சொன்னார். நான் புதைந்து சொல்கிறேன்!

யாரது, பின்னால் சிரிப்பது? ஜப்பார் பாயா?

"ஏனுங்க சென்னிமலை, இதாச்சும் நெசமுங்களா?" என்கிறார். பாய், பாதி நெசம். மீதி அதைவிட நெசம்! சிரித்து முடியுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

ஆறாம் வகுப்பை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய எனக்கும் இந்த வாயனசாலையில் அங்கத்துவம் உண்டு. எதற்கு? என் ஜீப்பின் சீட்டு பள்ளமாகிப் போயிருந்தது. இங்கே இருப்பதிலேயே தடிமனான புத்தகமாகத் தேடி எடுத்துப்போய், துண்டைச் சுற்றி, அதன்மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். அறிவு கீழிருந்தும் ஏறும் என்று நம்பிய அறிவாளி நான்!

அப்படித்தான் போன ஆடியில் பீர்மேட்டுக்குத் தேங்காய் லோடு கொண்டுபோனேன். மலை என்றால் மலை, மழை என்றால் மழை! ஒவ்வொரு துளியும் ஓர் இளநீர் கனம். இறக்கிவிட்டு, எனக்குப் பழக்கமான தேயிலைத் தோட்டத் தொழிலாளி கத்தரீனாளின் லயத்து வீட்டில் கட்டன்சாயா குடிக்க ஒதுங்கினேன். நனைந்தால் கலீல் கடிந்துகொள்வாரே என்று புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

லயம் பார்த்திருக்கிறீர்களா தாய்மார்களே? ஒரே கூரை, வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவே சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆண்டவரைக் கூப்பிடுவார்கள். இங்கே பேச்சை ஆரம்பித்தால், முகம் தெரியாமலே அங்கிருந்து பதில் வரும். அதுதான் அவர்கள் வழக்கம். இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பகல். பனி மூடிப் பகலைத் தின்றுகொண்டிருந்தது. திடீரென்று மழைச்சத்தம் நின்றது. மழை நின்றால் ஈரம் சொட்ட வேண்டாமா? சொட்டவில்லை. நாய் குரைக்கவில்லை. அடுத்த கணம் மலையே பெருமூச்சு விட்டாற்போல ஒரு சத்தம். கதவை மண் அடைத்தது. சன்னலை மண் அடைத்தது. அடுப்படி மண்ணுக்குள் போனது. அந்த அடுப்படியில்தான் கத்தரீனாளின் மகள் ஜீவிதாவின் இன்ஹேலர் இருந்தது.

ஜீவிதாவுக்கு இழுப்பு. பயந்தால் மூச்சு முட்டும். முட்டினால் மேலும் பயம். டார்ச் வெளிச்சத்தில் அவள் உதடு நீலமாவதைப் பார்த்தேன். காளையைக் கொம்பு பிடித்து நிறுத்திய இந்தக் கைகளால் ஒரு பிள்ளையின் மூச்சைப் பிடித்து நிறுத்த முடியவில்லையே!

"அண்ணே, என்னத்தையாவது பேசுங்கண்ணே. அவ நெனப்பு மாறட்டும்" என்று கத்தரீனாள் கெஞ்சினாள். என்ன பேச? கக்கத்துப் புத்தகத்தைப் பிரித்தேன். அட்டையில்லை, பேருமில்லை. புயலில் சிக்கிய ஒரு தோணிக்காரன் கதை. படித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாயில் நுழையாத சொல் வந்தால் விட்டுவிட்டு, சொந்தச் சரக்கை விட்டேன். ஓரிடத்தில் கடலுக்குள் ஒரு முதலையையும் இறக்கிவிட்டேன்.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல்: "கடல்ல ஏதுண்ணே முதல?"

ஜீவிதா களுக்கென்று சிரித்தாள். சிரித்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. எனக்கோ உயிர் வந்தது. "அம்மிணி, அந்தப்பக்கம் வழி இருக்குதுங்களா?" என்று கத்தினேன்.

"வழி இருக்கு. ஆளுக வாறாக. நீங்க படிங்க. பொறவு?"

படித்தேன். நிறுத்தினால் "பொறவு?" தயங்கினால் "பொறவு?" நான் விழுங்கிய சொற்களை அந்தக் குரல் எடுத்துக் கொடுத்தது. அலை ஏறினால் ஜீவிதா மூச்சை இழுத்தாள். அலை இறங்கினால் விட்டாள். ஆனால் கத்தரீனாள் மட்டும் சுவரைப் பார்க்கவேயில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன், மடையன்!

தோணி கவிழப்போகும் கட்டம். பக்கத்தைத் திருப்பினால், பக்கமே இல்லை. கடைசித் தாள்கள் கிழிந்து போயிருந்தன. ஜீவிதாவின் நெஞ்சு மறுபடி விசில் அடித்தது. "மாமா... அவன்... செத்துட்டானா?"

புளுகுவதற்கென்றே பிறந்த எனக்கு, அன்று ஒரு புளுகு வரவில்லை.

சுவருக்கு அப்பால் குரல் சொன்னது: "சாகல ஆத்தா. கேளு."

சொல்லியது ஐயா, சொல்லியது! தோணிக்காரன் பலகையைப் பற்றினான். கரையில் யாரோ விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். ஈர மணலில் அவன் கால் பட்டது. வீட்டில் சூடாகக் கஞ்சி இருந்தது. கதை நின்றபோது ஜீவிதா சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள்.

"பக்கத்து வீட்டு அம்மிணியையும் தூக்குங்க!" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டார்ச்சை அந்த இடைவெளியில் அடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். அந்த வீடு முழுக்க, கூரைக்கம்பு வரை, மண். புதுமண் இல்லை. புல் முளைத்த பழைய மண்!

வெளியே வந்தபிறகுதான் கத்தரீனாள் வாய் திறந்தாள். "போன வருச மழையில மண்ணு மூடிப் போன மரியபாக்கியம்ணே. சாயங்காலமானா லயம் முழுக்கக் கேக்க சத்தமாப் படிப்பா. எங்க நிறுத்துனாலும் 'பொறவு?'ன்னு நாங்க கேக்கோணும். கேட்டாத்தான் மேல படிப்பா."

ஜப்பார் பாய், சிரிப்பைக் காணோமே?

இன்னும் கேளுங்கள். ஊருக்கு வந்து கதையைச் சொன்னதும், நம் தலைவர் அண்ணன் தம் ஊட்டு அலமாரியிலிருந்து அதே புத்தகத்தை முழுதாக எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அச்சில் இருக்கிற கதையில் தோணிக்காரன் பிழைக்கவேயில்லை! விளக்குமில்லை, கஞ்சியுமில்லை. கடல் அவனை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நான் விட்ட ஒவ்வொரு சொல்லும் தெரிந்த குரலுக்கு முடிவு மட்டும் தெரியாமலா போகும்? தெரியும். தெரிந்தே மாற்றியது! மண்ணுக்குள் முடிவைப் பார்த்துவிட்ட ஒருத்தி, மூச்சுக்குத் தவித்த ஒரு பிள்ளைக்கு அந்த முடிவைச் சொல்ல மறுத்துவிட்டாள். இந்த ஜில்லாவிலேயே பெரிய புளுகன் நான்தான் என்று நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தேன். அன்றைக்குத் தலை குனிந்தேன் ஐயா, அந்தச் சுவரின் முன்னால் தலை குனிந்தேன்!

அந்த ஜீவிதா இதோ, மேடைக்கு இடப்பக்கம், நீலத் தாவணியில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வேறு லயத்தில் குடியிருப்பு. அங்கேயும் சாயங்காலமானால் சத்தமாகப் படிக்கிறாள். ஆளில்லாத வீட்டுப் பக்கமாக முகம் திருப்பிப் படிக்கிறாள் என்று கத்தரீனாள் சொல்கிறாள். நடுவில் நிறுத்திக் காத்திருக்கிறாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே! புத்தகத்தை எடுத்துப் போங்கள். உட்காரவாவது எடுத்துப் போங்கள்! ஆனால் படிக்கும்போது கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டார்?

பொறுமை காத்த தலைவருக்கும், பொன்னாடையை இனியாவது போர்த்தப்போகும் கலீலுக்கும், இந்தப்பக்கம் இருந்து கேட்ட உங்களுக்கும், அந்தப்பக்கம் இருந்து கேட்டவர்களுக்கும் நன்றி, வணக்கம்.