அகிலாண்டத்தின் கையில் டிபன் கேரியர்

மாட்டேன். கண்டக்டர் அகிலாண்டத்தை நான் சாகடிக்க மாட்டேன்.

பொறுத்துக்கொள்ளுங்கள். மேடைப் படியருகே பதிப்பாளர் குணசேகரன் ஐயா என் காதோடு கேட்டதற்குப் பதில் அது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி. மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கும்பகோணத்து வாசகர்களே, முன்வரிசையில் இருக்கும் லத்தீஃபா அக்காவின் மகள் இர்ஃபானா, வணக்கம்.

சித்திரக்கதை ஓவியர் லத்தீஃபா அவர்கள் செவ்வாய்க்கிழமை இறந்தார். பத்தொன்பது வருடம் அகிலாண்டத்தை வரைந்தார். கடைசி நான்கு வருடம் அவருடைய பென்சில் கோடுகளுக்கு நான் மை போட்டேன்.

யார் அகிலாண்டம்? டவுன் பஸ் கண்டக்டர். வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் வலி. இடது செருப்பு வாரில் ஓர் ஊக்கு. பஸ்ஸில் யாரோ எதையோ விட்டுவிட்டு இறங்குவார்கள். அவள் தேடிப்போய்ச் சேர்ப்பாள். மாதாமாதம் இதே கதை. ஒரு மாதமும் அதே கதை இல்லை!

சென்னையிலிருந்து படம் எடுப்பவர்கள் வந்தார்கள். "கண்டக்டர இருபத்தஞ்சு வயசுப் பொண்ணா மாத்திட்டா வெப் சீரிஸுக்கு நல்லாருக்கும்மா."

அக்கா டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். "அப்ப முழங்கால் வலிய யாருக்குத் தம்பி குடுப்பீங்க? டிரைவருக்கா?"

போய்விட்டார்கள். ஒருவர் குடையை மறந்துவிட்டார். அக்கா அதைத் தபாலில் அனுப்பினார்.

வேதாரண்யத்தில் நாடகமாகப் போட்டார்கள். கடைசிக் காட்சியில் புயல். பஸ்ஸில் கிடந்த மூக்குக்கண்ணாடியைச் சேர்க்கப் போகும் வழியில் அகிலாண்டம் சாகிறாள். இயக்குநர் சேர்த்தது. சனம் அழ வேண்டுமாம். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஏய் அகிலாண்டம், எந்திரி! அந்த மூக்குக்கண்ணாடிய யாரு கொண்டுபோய்க் குடுப்பா?"

பிணமாகக் கிடந்த நடிகை எழுந்துவிட்டார்! தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவரே கண்ணாடியை எடுத்து நீட்டினார். விசில் பறந்தது. "திரைய இழுங்கய்யா" என்று இயக்குநர் கத்தினார். யாரும் இழுக்கவில்லை.

அந்தக் குரலுக்கு உரியவருக்குத்தான் இன்று கூடியிருக்கிறோம். ஐயா கேட்டது இது: "அகிலாண்டத்தையும் அம்மாவோடவே அனுப்பிடலாம் குந்தவை. அஞ்சலி இதழ். அதாம்மா மரியாதை."

அன்பில்தான் கேட்டார். தெரியும். ஆனால் யாருக்கு மரியாதை? அழுகிறவர்களுக்கு இன்னொரு சாவைக் கொடுப்பதா அஞ்சலி? படைத்தவர் போனால் படைப்பும் பின்னாலேயே போக வேண்டுமா? மூன்றாவது வரிசை இன்று காலி என்பதற்காகத் திரையை இழுத்துவிடுவோமா?

எனக்குப் பயம் உண்டு. என் கோடு அக்காவின் கோடு அல்ல. என் கையில் அகிலாண்டம் கொஞ்சம் ஒல்லியாக வருகிறாள். திட்டுவீர்கள். திட்டுங்கள்.

அக்கா முடிக்காத பக்கம் என் பையில் இருக்கிறது. பதினோராம் பக்கம். பஸ் திருவிடைமருதூரில் நிற்கிறது. படியில் அகிலாண்டம். இறங்குவதற்கு இடது காலைத் தூக்கியிருக்கிறாள். கையில் யாரோ விட்டுப்போன மூன்றடுக்கு டிபன் கேரியர். மூடியில் பெயர் வெட்டும் இடம் வெள்ளையாகவே இருக்கிறது. யார் பெயர் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை.

நான் கண்டுபிடிப்பேன். தப்பான வீட்டுக் கதவைத் தட்டினாலும் தட்டுவேன். அது போய்ச் சேரும் வரை அகிலாண்டம் சாக மாட்டாள். சேர்ந்த பிறகும் சாக மாட்டாள். அடுத்த பஸ்ஸில் இன்னொருவர் எதையாவது மறப்பார்!

லத்தீஃபா அக்கா, நீங்கள் ஓய்வெடுங்கள். அவளுக்கு டியூட்டி இருக்கிறது.

உரையை முடித்த குந்தவை, இர்ஃபானாவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பையிலிருந்து பதினோராம் பக்கத்தை எடுத்து மடியில் விரித்தார். அடுத்த கட்டத்தில், அகிலாண்டத்தின் ஊக்கு குத்திய செருப்பு தரையில் ஊன்றுவதாக வரைந்தார்.