காலி ஃபிரேம்

— அப்போ காலையில நீங்க அளந்தது என்னங்க, வெறும் காத்தையா?

— உளறாதே தாயே. கண்ணாடி மேல வெளிச்சத்தைப் பாய்ச்சினேன். திரும்பி வந்தது சுத்தமா பூஜ்யம். எட்டு மாசமா நாம கேட்டது அதைத்தானே?

— இந்த ஃபிரேம்ல கண்ணாடியே இல்லை. காத்துல பாய்ச்சினாலும் பூஜ்யம்தான் வரும்! அதுக்கா நான் மெஷின் முன்னாடி தவம் கிடந்து கண்ணாடியில குழி வெட்டினேன்? ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள ஐந்நூறு குழி!

— இரு, இரு. சாய்ச்சுப் பாரு, லேசா மினுக்கும்.

— எப்படிச் சாய்ச்சாலும் மினுக்கக்கூடாதுன்னுதானே அந்தக் குழியே?

— ஆமால்ல. சரி, கண்ணாடி வச்சிருந்த பெட்டியைப் பாரு.

— அதுவும் காலியாத்தான் தெரியுது.

— அப்பாடா! அப்போ கண்ணாடி ஃபிரேம்லதான் இருக்கு.

— அட என் அறிவுக்கொழுந்தே, பெட்டிக்குள்ள இருந்தாலும் காலியாத்தான் தெரியும்!

— தொட்டுப் பார்த்துடவா?

— தொட்டீங்க, தொலைச்சுடுவேன். விரல் எண்ணெய் பட்டா குழியெல்லாம் அடைஞ்சு போகும். பதினோரு மணிக்கு டைரக்டர் வர்றார். இன்னைக்குக் காட்டலைன்னா நம்ம லேபுக்கே பூட்டு.

— அவருக்குக் காலையிலயே போன் போட்டு, ஜெயிச்சுட்டோம்னு சொல்லிட்டேனே.

— சொல்லியாச்சா! விளங்கிடும். நல்லா யோசிங்க, ஃபிரேம்ல கண்ணாடியை மாட்டினீங்களா, இல்லையா?

— மாட்டினேன்னுதான்... இல்லையே, மாட்டப் போறப்பதான் நீ டீ குடிக்கக் கூப்பிட்டே.

— ஆமா, பழியை என் தலையில கட்டுங்க.

— கட்டலைடி. தள்ளு, அவர் வர்றதுக்குள்ள நானே உண்மையைச் சொல்லிடறேன். காத்தை அளந்துட்டு உன் பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரலை.

— ஐயோ, அவசரப்படாதீங்க...

— ஹலோ சார், நான்தான். நீங்க வர வேண்டாம் சார். காலையில சொன்னது தப்பு. வெறும் ஃபிரேமை அளந்துட்டேன்... இல்ல சார், அவ வேலையில ஒரு குறையும் இல்லை. கோட்டை விட்டது நான்தான்... பூட்டிடணுமா? சரி சார். சாவியை சாயங்காலம்...

— எட்டு மாசம், எட்டு மாசம்! எல்லாம் இந்தப் பாழாப்போன ஃபிரேமால... ஏங்க! ஏங்க, போனை வைக்காதீங்க!

— ஒரு நிமிஷம் சார். என்னடி?

— ஆத்திரத்துல ஃபிரேமுக்குள்ள விரலை விட்டேங்க. உள்ள போக மாட்டேங்குது.