கழுவிக் கொடுத்த வேர்

சர்க்கரை டெஸ்டுக்காக வெறும் வயிற்றோடு அன்னூரில் கோவை பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு விவசாயத் தம்பதி. கணவர் செல்போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வேளாண் காலேஜ்ல டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிப்போட்டாங்க அம்மணி. நம்ம கொய்யா வேர்ல நூற்புழுவே இல்லியாமா.”

கண்ணுக்கே தெரியாத புழு அது என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.

“அப்புறம் ஏனுங்க மரம் மரமாக் காயுது? எந்த மரத்து வேரைக் கொண்டு போனீங்க?”

“கெணத்தோரம் தளதளன்னு நிக்குதே, அது.”

“வாடுன மரத்துல எடுக்கலீங்களா?”

“அது வேரெல்லாம் முண்டு முண்டா இருக்குது. படிச்சவிங்க பாத்தா நம்ம தோட்டத்தைப் பத்தி என்ன நெனப்பாங்க? இதையே மூணு தண்ணியில கழுவித்தான் குடுத்தேன்.”

“ஏனுங்க, அவங்க என்ன பொண்ணு பாக்கவா வந்தாங்க?”

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன புழுன்னு தெரிஞ்சாத்தானுங்க வைத்தியம் பாக்க முடியும்? இல்லாட்டித் தோட்டமே போயிருமுங்க. எறங்குங்க, ஊட்டுக்குப் போயி அந்த முண்டு வேரை மண்ணோட எடுத்துட்டு வரலாம்.”

கோவில்பாளையத்தில் இருவரும் எழுந்தார்கள். சர்க்கரை ரிசல்ட் நல்லபடியாக வரட்டும் என்று மூன்று நாளாகக் கீரையும் மோருமாக இருந்த நான், அந்தம்மா படியிறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.